நீர்யானைத் தலைமையாசிரியை

மனைவி மேபல் கண்ணில் அந்தப் படம் படவே கூடாது. எர்னஸ்ட் பில்பீம் காலையில் முகம் மழிக்கும்போது இப்படி ஒரு சபதம் எடுத்தார். சபதம் பாதியில் இருக்கும்போதே கத்தி கன்னத்தைக் கீறிவிட்டது. பாக்கிச் சபதத்தைப் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டே எடுத்து முடித்தார்.

சாதாரணப் படமாக இருந்தால் அடுப்பில் போட்டிருப்பார். அது அட்டைப்படம். மணிக்குருவி ஆண்டு மலரின் அட்டைப்படம். கிறிஸ்துமஸ் வந்தால் இங்கிலாந்து முழுக்க மாமா, அத்தை, சித்தப்பா எல்லாரும் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்கிற தடிப்புத்தகம். 1935-ம் வருஷக் கிறிஸ்துமஸுக்கு வருகிற புத்தகத்தில் 1936 என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். அப்படிப் போட்டால்தான் புத்தாண்டு பிறந்த பிறகும் பழசாகாதாம்.

எர்னஸ்ட் பதினைந்து வருஷமாக அதற்குப் படம் வரைகிறார். கிறிஸ்துமஸ் புத்தகத்துக்கு ஜூன் மாதமே வரைந்து கொடுத்துவிட வேண்டும். லண்டனை ஒட்டிய கேட்ஃபோர்டில் லாபர்னம் தெருவே வியர்த்து வழியும்போது, எர்னஸ்டின் மேஜையில் மட்டும் பனி கொட்டும். பார்த்து வரைய ஆள் வேண்டுமே? மேபல்தான். அடிக்கிற வெயிலில் கம்பளிக் கோட்டும் கையுறையும் மாட்டிக்கொண்டு, பனியில் சறுக்குகிற பிள்ளை மாதிரி முன்னறையில் ஒற்றைக்காலில் நிற்பாள். நரியாக நின்றிருக்கிறாள், வாத்தாக நின்றிருக்கிறாள், ஒரு தடவை தபால்பெட்டியாகக்கூட நின்றிருக்கிறாள். ஒன்றுக்கும் முகம் சுளித்ததில்லை.

ஆனால் அதெல்லாம் கேட்டுவிட்டு வரைந்தது. இது கேட்காமல் வரைந்தது.

நடந்தது இதுதான். அந்த வருஷக் கதையில் மிருகங்களுக்கு ஒரு பள்ளிக்கூடம். தலைமையாசிரியை ஒரு நீர்யானை. எர்னஸ்டும் வரைந்து வரைந்து அனுப்பினார். ஆண்டு மலரின் ஆசிரியர் மிஸ் ஹார்பட்டில் இரண்டு தடவை திருப்பி அனுப்பிவிட்டார். "இது நீர்யானை இல்லை, துணி மூட்டை. இதைப் பார்த்து எந்தப் பிள்ளை பயப்படும்? வெள்ளிக்கிழமைக்குள் உயிரோடு ஒன்று வராவிட்டால் வேறு ஆளிடம் கொடுத்துவிடுவேன்" என்று எழுதியிருந்தார்.

வியாழக்கிழமையும் வந்துவிட்டது. காகிதம் வெள்ளையாகவே இருந்தது. எர்னஸ்ட் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தபோது பின்வாசலில் மேபலின் சத்தம். நிலக்கரிக்காரன் மூட்டையை இறக்கியிருந்தான்.

"இது என்ன, நிலக்கரியா? நிலக்கரியோட பவுடரா?"

"நல்ல கரிதான்மா."

"நல்ல கரியா? கேக்குக்கு மாவு சலிச்ச மாதிரியில்ல இருக்கு! முட்டையும் நீயே கொண்டாந்துட்டியா, இல்ல நான் உடைச்சு ஊத்தணுமா?"

எர்னஸ்ட் எட்டிப் பார்த்தார். இடுப்பில் ஒரு கை. இன்னொரு கையில் மரக்கரண்டி. புள்ளி போட்ட ஏப்ரன். மூக்கின் நுனியில் கண்ணாடி. தாடை மூன்று மடிப்பாக விழுந்திருந்தது. அவளுக்கு முன்னால் ஆறடி உயர நிலக்கரிக்காரன் வாய்ப்பாடு தெரியாத பிள்ளை மாதிரி தொப்பியைக் கசக்கிக்கொண்டு நின்றான்.

எர்னஸ்டின் கை அவரைக் கேட்காமலே ஓடியது. பத்தே நிமிஷம். நீர்யானை மூச்சு விட்டது. இடது கன்னத்து மச்சத்தைக்கூட அந்தக் கை விடவில்லை.

வெள்ளிக்கிழமை தபாலில் போனது. திங்கட்கிழமை பதில் வந்தது. "அற்புதம்! பதினைந்து வருஷத்தில் நீங்கள் வரைந்ததிலேயே உயிருள்ள படம். இவளை உள்ளே ஒளித்துவைக்க மனசில்லை. அட்டையில் போடுகிறோம். படத்தை இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன், இதையே வண்ணத்தில் பெரிதாக வரைந்து அனுப்புங்கள்."

எர்னஸ்ட் மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். வரையமாட்டேன் என்றால் வேலை போய்விடும். வரைந்தால் மேபல் பார்ப்பாள். பதினேழு வருஷம் கூடவே இருந்து, வாத்தாகவும் தபால்பெட்டியாகவும் நின்று கொடுத்தவள். அவள் முகம் எப்படிச் சுருங்கும் என்று நினைத்துப் பார்த்தார். அதற்கப்புறம் அந்த மரக்கரண்டி என்ன செய்யும் என்றும் நினைத்தார்.

எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினார்.

"என்னங்க, உடம்புக்கு ஏதாவதா?" என்றாள் மேபல்.

"ஒண்ணுமில்லையே."

"தட்டு கழுவறீங்க."

"சும்மாதான்."

"லெட்டர்ல என்ன போட்டிருக்கு?"

"லண்டன்ல வெயில் ஜாஸ்தியாம்."

"அதைச் சொல்ல ஒரு லெட்டரா?"

"அட்டைக்கும் ஒரு படம் கேட்டிருக்காங்க."

"அடேங்கப்பா! அட்டைக்கா! என்ன படம்?"

"முயல்."

"எத்தனை முயல்?"

"ஒண்ணு." ஒன்று என்றால் பொய் மாதிரி இருக்கிறதே என்று தோன்றியது. "மூணு."

"நான் வந்து நிக்கட்டுமா? அந்தக் காகிதக் காது இன்னும் அலமாரியிலதான் கிடக்கு."

"வேண்டாம் மேபல். முயல் எனக்கு மனப்பாடம்."

அடுத்த பத்து நாளும் எர்னஸ்ட் முன்னறைக் கதவைப் பூட்டிக்கொண்டு வரைந்தார்.

"முயல் வரையறதுக்குக் கதவை ஏங்க பூட்டறீங்க?" என்று வெளியிலிருந்து மேபல் கேட்டாள்.

"வெளிச்சம்... வெளிச்சம் வெளியே போயிடும்."

மேபல் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்தே, "எங்கம்மா அக்டோபர்ல வந்து ஆறு வாரம் தங்கட்டுமான்னு எழுதியிருக்காங்க" என்றாள்.

வேறு சமயமாக இருந்தால் எர்னஸ்டுக்கு அந்த நிமிஷமே முதுகு பிடித்துக்கொண்டிருக்கும். இப்போது கையில் சாம்பல் நிறம் தோய்ந்த தூரிகை. எதிரில் மூன்று மடிப்புத் தாடை. "ஆறு வாரம் போதுமா?" என்று கேட்டார்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் மேபல் கேட்டு எர்னஸ்ட் மறுத்தது என்று ஒன்றுமே இல்லை. முன்னறைச் சுவருக்கு முட்டைக்கோஸ் அளவு ரோஜாப்பூ போட்ட காகிதம் ஒட்ட வேண்டும் என்றாள். பூவைப் பார்த்தாலே அவருக்குத் தலை சுற்றும். அவரே ஏணியில் ஏறி ஒட்டினார். வீட்டுக்குள் புகைக்குழாய் பிடிக்கக் கூடாது என்றாள். தோட்டத்து மூலையில் மழையில் குடையோடு நின்று பிடித்தார். காலையில் அடுப்பு மூட்டினார். டீ போட்டு மாடிக்கு எடுத்துப் போய்க் கொடுத்தார். கொடுக்கும்போதெல்லாம் அவள் இடது கன்னத்து மச்சம் அவரையே பார்த்தது.

அக்டோபரில் புத்தகம் வந்தது. வரைந்தவருக்கு ஓர் இலவசப் பிரதி தபாலில் வரும். எர்னஸ்ட் மூன்று நாள் தெருமுனையில் காத்திருந்து தபால்காரரை மடக்கிவிட்டார். பரணில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளித்துவைத்தார். அப்பாடா என்று இறங்கி வந்து, புகையிலை வாங்கப் போனார்.

புகையிலையும் புத்தகமும் விற்கிற பக்கிலின் கடை ஜன்னலில் நாலு மேபல் நின்றுகொண்டிருந்தாள்.

சிவப்பு அட்டை. புள்ளி போட்ட ஏப்ரன். மரக்கரண்டி. மூக்கு நுனியில் கண்ணாடி. நாலு அட்டையிலும் நாலு மச்சம். எர்னஸ்ட் கதவைத் தள்ளினார். உள்ளே போய், "அந்த நாலையும் குடுங்க" என்றார்.

"நாலுமா? உங்களுக்குப் பிள்ளைங்க இல்லையே மிஸ்டர் பில்பீம்?" என்றார் கடைக்காரர் பக்கில்.

"தங்கச்சி பிள்ளைங்க."

"தங்கச்சிக்கு நாலு பிள்ளைங்களா?"

"வேகமாப் பெத்துட்டா."

மறுநாள் அதே ஜன்னலில் ஆறு நின்றது.

"ஒரே நாள்ல நாலு போச்சுல்ல! இந்த வருஷம் இதுக்குத்தான் கிராக்கின்னு ஆறா வரவழைச்சேன்" என்றார் பக்கில், கையைத் தேய்த்துக்கொண்டு.

எர்னஸ்ட் அந்த ஆறையும் வாங்கினார். தங்கச்சியைப் பற்றி இந்தத் தடவை பக்கில் கேட்கவில்லை. பரிதாபமாக மட்டும் பார்த்தார். வாங்கிய பத்தும் பரணுக்குப் போய் இலவசப் பிரதியோடு சேர்ந்தது.

வியாழக்கிழமை எர்னஸ்ட் அந்தப் பக்கம் போனபோது ஜன்னலில் பருத்திப் பஞ்சால் பனி போட்டிருந்தார்கள். பனிக்கு மேலே இரண்டு டஜன் புத்தகம் கோபுரமாக அடுக்கியிருந்தது. உச்சியில் ஓர் அட்டை: 'நம்ம தெரு ஓவியர் மிஸ்டர் பில்பீம் கைவண்ணம்! வாங்கத் தவறாதீர்கள்!'

இனி வாங்கித் தீராது. வாங்க வாங்க மேபல்தான் பெருகிக்கொண்டே போவாள். இனி மேபலைத்தான் அந்தத் தெருப் பக்கம் விடக் கூடாது. எர்னஸ்ட் புது சபதம் எடுத்தார். கடைக்குப் போகிற வேலையெல்லாம் அவரே இழுத்துப் போட்டுக்கொண்டார். மேபலும் கூட வருவேன் என்றால் சுற்றுவழியில் கூட்டிப்போனார்.

"கறிக்கடைக்கு ஏங்க கேஸ் ஃபேக்டரி வழியா போறோம்?"

"இந்தப் பக்கம் காத்து நல்லா வரும்."

"கேஸ் காத்தா?"

"டாக்டருங்களே சொல்றாங்க மேபல். நெஞ்சுக்கு நல்லதாம்."

"அப்போ எங்கம்மாவையும் தினம் கூட்டிட்டுப் போங்க. அவங்களுக்கு நெஞ்சுச் சளி."

மாமியார் வந்திருந்த ஆறு வாரமும் எர்னஸ்ட் தினமும் அவளைக் கைபிடித்துக் கூட்டிக்கொண்டு கேஸ் ஃபேக்டரியைச் சுற்றினார். மாமியாருக்குச் சளி போய்விட்டது. எர்னஸ்டுக்கு இருமல் வந்துவிட்டது. அவர் இளைத்துப்போனார். அட்டைப்படத்தைக் கனவில் கண்டு திடுக்கிட்டு எழுந்தார். பக்கத்தில் மேபல் நிம்மதியாகக் குறட்டை விட்டுக்கொண்டிருப்பாள். அதைப் பார்த்தால் பாவமாகவும் இருக்கும், பயமாகவும் இருக்கும்.

டிசம்பர் பதினாலாம் தேதி, சனிக்கிழமை. இன்னும் பதினோரு நாளைக் கடத்திவிட்டால் போதும். கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள் பக்கில் ஜன்னலை மாற்றிவிடுவார். ஆண்டு மலரை அப்புறம் யார் சீண்டுவார்கள்? எர்னஸ்ட் அன்று லண்டன் போய்விட்டு, பல மாதத்துக்கப்புறம் கொஞ்சம் விசிலடித்துக்கொண்டே நாலு மணி ரயிலில் திரும்பினார்.

தெருமுனை திரும்பியதும் விசில் நின்றது.

அவர் வீட்டு வாசலில் ஒரு கூட்டம். தெருப் பிள்ளைகள் அத்தனையும். ஆளுக்கொரு சிவப்புப் புத்தகம். பல்லில்லாத ஒரு பெண்குழந்தை அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கதவையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்து, "தலைமையாசிரியை அம்மா வீடு இதுதான்! நான் பாத்தேன்! உள்ளதான் இருக்காங்க!" என்று கத்தியது.

பக்கத்து வீட்டு மிஸஸ் கேதர்கோல் வேலிக்கு மேலே தலையை நீட்டினாள். "மிஸ்டர் பில்பீம்! எவ்வளவு பெரிய மனசு உங்களுக்கு! தெருப் பிள்ளைங்களுக்கெல்லாம் ஆளுக்கொரு புத்தகம்! கிறிஸ்துமஸ் வரைக்கும் பிரிக்கக் கூடாதுன்னு மேபல் ரிப்பன் எல்லாம் கட்டித்தான் குடுத்தா. இதுங்க எங்க கேக்குது!"

"மேபலா குடுத்தா?"

"பின்ன? பரண்ல நீங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்களாமே, ரகசியமா குடுக்கலாம்னு. காகிதத் தோரணம் எடுக்க ஏறினவ பாத்துட்டாளாம்."

தோரணப் பெட்டி! பதினேழு கிறிஸ்துமஸாக அது இருக்கிற இடம் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால்தான். வருஷா வருஷம் மேபல்தான் ஏறுவாள், ஏணியை எர்னஸ்ட்தான் பிடிப்பார். ஒளித்துவைத்த அன்றைக்கு அந்தப் பெட்டி மேலேயே புத்தகங்களை அடுக்கிவிட்டு இறங்கியிருக்கிறார். பிடிக்கிற ஆளுக்கு மேலே என்ன இருக்கிறது என்று எங்கே தெரிகிறது?

"அந்த அட்டைப்படம் இருக்கே..." என்று மிஸஸ் கேதர்கோல் குரலைத் தாழ்த்தினாள். "அப்படியே உங்க..." என்று ஆரம்பித்து, எர்னஸ்டின் முகத்தைப் பார்த்துவிட்டு, "குளிருது இல்ல?" என்று தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

எர்னஸ்ட் கதவைத் திறந்தார். தொப்பியைக் கழற்றினார். எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே கசக்கிக்கொண்டு நின்றார்.

முன்னறையில் முட்டைக்கோஸ் ரோஜாக்களுக்கு நடுவில் மேபல் உட்கார்ந்திருந்தாள். மேஜையில் ரிப்பன் துண்டுகள். ஒரு புத்தகம் பாக்கி இருந்தது.

"வந்துட்டீங்களா? உட்காருங்க. டீ ஊத்தறேன்."

ஊற்றினாள். சர்க்கரை போட்டாள். கலக்கினாள். கரண்டி கோப்பையில் கிணுகிணு என்று நெடுநேரம் சுற்றியது.

"ஏங்க."

"ம்."

"அட்டையில மூணு முயல்னு சொன்னீங்களே. எங்க?"

"முயல்... உள்பக்கம் போயிருக்கும்."

"இது யாரு?"

"நீர்யானை."

"எந்த ஊரு?"

"ஆப்பிரிக்கா."

"ஆப்பிரிக்காவுல என் ஏப்ரன் யாரு குடுத்தா?"

எர்னஸ்ட் தொப்பியை ரிப்பன் துண்டுகள் மேல் வைத்தார்.

"மேபல், நான் வேணும்னு செய்யல. கை... அந்தக் கரிக்காரன் வந்த அன்னிக்கு... கை தானா ஓடிடுச்சு. உன் மனசு கஷ்டப்படுமேன்னுதான் ஆறு மாசமா நான்..."

"தெரியும்."

"தெரியுமா?"

"ஜூன் மாசமே தெரியும். பதினேழு வருஷத்துல ஒரு தட்டு கழுவினதில்ல நீங்க. அன்னிக்கு வாணலி வரைக்கும் கழுவினீங்க. சரி, மனுஷன் ஏதோ கொலை பண்ணிட்டான்னு நினைச்சேன். நீங்க தபாலாபீஸ் போனப்போ மேஜை டிராயரைத் திறந்து பாத்தேன். லெட்டரும் இருந்தது, நானும் இருந்தேன்."

"அப்போ... உங்கம்மா? ரோஜாப்பூ? குழாய்?"

"கேட்டேன். குடுத்தீங்க. நிறுத்தற வரைக்கும் கேக்கலாம்னு பாத்தேன். நீங்க நிறுத்தவே இல்லையே!"

எர்னஸ்ட் மழையில் குடை பிடித்து நின்றதையெல்லாம் ஒரு தடவை நினைத்துப் பார்த்தார். கோபப்படலாமா என்று யோசித்தார். தனக்கு அந்த உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை.

மேபல் அட்டையை விளக்குப் பக்கம் திருப்பினாள். குரல் கொஞ்சம் தணிந்திருந்தது. "முதல்ல பாத்தப்போ அழுகைதான் வந்தது, பொய் சொல்லமாட்டேன். அப்புறம் ரொம்ப நேரம் பாத்துட்டே இருந்தேன். கரண்டியை நான் சுண்டுவிரலைத் தூக்கித்தான் பிடிப்பேன்னு எனக்கே தெரியாது. அதைக்கூடப் பாத்திருக்கீங்க. இத்தனை வருஷத்துல நீங்க என்னை இவ்வளவு உத்துப் பாத்தது இதுதான் முதல் தடவை."

எர்னஸ்டுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆறு மாசமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த நீர்யானை எழுந்து போன மாதிரி இருந்தது. "நீ தங்கம் மேபல்! இனிமே உன்கிட்ட ஒண்ணையும் மறைக்கமாட்டேன்" என்றார்.

"நானும் மறைக்கக் கூடாதுல்ல?" என்று மேபல் ஒரு கடிதத்தை நீட்டினாள். "காலைத் தபால்ல வந்தது. எனக்கு."

மிஸ் ஹார்பட்டிலின் கையெழுத்து. எர்னஸ்ட் படித்தார்.

'அன்புள்ள மிஸஸ் பில்பீம், தலைமையாசிரியைக்கு ஒரு கணவர் வேண்டும் என்று நீங்கள் எழுதிய யோசனை அருமை! வெளிச்சம் ஓடிவிடும் என்று கதவைப் பூட்டிக்கொள்வது, மழையில் குடையோடு நின்று புகைப்பது, மாமியாரைக் கேஸ் ஃபேக்டரிக்குக் காற்று வாங்கக் கூட்டிப்போவது என்று நீங்கள் எழுதியதைப் படித்து அலுவலகமே விழுந்து விழுந்து சிரித்தது. அடுத்த வருஷ அட்டையில் அவரைத்தான் போடப்போகிறோம். உள்ளேயும் பன்னிரண்டு பக்கம். நீங்கள் சொன்னபடி அவர் மூஞ்சூறாகவே இருக்கட்டும். முதல் படத்தை மிஸ்டர் பில்பீம் திங்கட்கிழமைக்குள் அனுப்பட்டும்.'

எர்னஸ்ட் கடிதத்தை மடித்தார். மறுபடி பிரித்தார். மறுபடியும் மூஞ்சூறு என்றுதான் இருந்தது.

"மேபல், நான் ஜென்மத்துல மூஞ்சூறு வரைஞ்சதில்ல. திங்கட்கிழமைக்குள்ள எதைப் பாத்து வரையறது? மிருகக்காட்சிச் சாலைக்குப் போனாலும் அங்கே இருக்குமோ என்னமோ..."

மேபல் எழுந்து போய்க் கூடத்துக் கண்ணாடியைக் கழற்றிக் கொண்டுவந்து, அவருக்கு நேர் எதிரே வரைபலகையில் சாய்த்து வைத்தாள். இரண்டடி பின்னால் நகர்ந்து, தலையைச் சாய்த்து அவரைப் பார்த்தாள்.

"தோளைக் கொஞ்சம் குறுக்கி... இல்ல இல்ல, வேண்டாம். நீங்க ஒண்ணும் பண்ணவேண்டாம். அப்படியே இருங்க."